அழிக்க அழிக்க நிறையுது

டிஸ்க் 85 வீதம் என்று ஓர் அறிவித்தல் வந்தால் கொழும்பில் இருக்கும் மனேஜருக்கு அது வெறும் அறிவித்தல். யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையில் இருக்கும் எனக்கு அன்றைய நித்திரை போயிற்று என்று அர்த்தம். பாயை உதறிப் போடுகிற நேரம் பார்த்துத்தான் ஃபோன் கத்தும். எடுத்தால் எப்போதும் ஒரே கதை: “தம்பி, டிஸ்க் நிறையப் போகுது, பழைய டேட்டா கொஞ்சத்தை அழிச்சுவிடும்.” அழித்தால் குறையும் என்று நினைக்கிறார்கள். படித்த மனிதர்கள், கொம்பியூட்டர் கொம்பனி நடத்துகிற மனிதர்கள். அவர்களுக்கே இது விளங்கவில்லை என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

ஊருக்குள் என்னைப் பற்றிய கணக்கு வேறு. “அவனுக்கென்ன, வீட்டுச் சாப்பாடு, கடற்காத்து, கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்தால் காசு.” காரைநகருக்குக் கடலைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏறினாலும் நாலு பேர் இதைத்தான் சொல்வார்கள். அம்மாவுக்குத்தான் உண்மை தெரியும். விடிய எழும்பி, நான் இன்னும் அதே கதிரையில் இருப்பதைக் கண்டால், “உந்த வேலையை விட்டிட்டு ஒரு கவுண்மேந்து உத்தியோகத்தைப் பாரடா” என்று தொடங்கிவிடுவார்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். லொறி, பஸ், வான் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிற ஒரு கொம்பனியின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. சேர்வர்கள் பன்னிரண்டும் வெளிநாட்டில், நான் இங்கே. வாகனத்தில் பூட்டிய சின்னப் பெட்டி ஐந்து செக்கனுக்கு ஒருமுறை தான் நிற்கும் இடத்தை ஒரு வரியாக அனுப்பும். ஒரு வாகனத்திலிருந்து ஒரு நாளைக்கு 17,280 வரிகள். ஆயிரம் வாகனம் என்றால் ஒரு கோடியே 72 இலட்சத்து 80 ஆயிரம். ஒரு சேர்வர் படுத்தாலும் தரவு போகக்கூடாது என்று ஒவ்வொரு வரியையும் மூன்று சேர்வரில் எழுதுகிறோம். ஆக ஐந்து கோடியே 18 இலட்சத்து 40 ஆயிரம். இது ஒரு நாளைக் கணக்கு. இதில் எவ்வளவோ, பேலியகொடையிலோ தம்புள்ளையிலோ ஒரு லொறி இரவு முழுக்க நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது என்கிற தகவல். நிற்கிற லொறி நிற்கிறது என்பதை ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை, மூன்று இடத்தில், எழுதி எழுதி வைக்கிறோம். எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும், என்றைக்காவது தேவைப்படும்.”

இந்த “இருக்கட்டும்” தான் என் நித்திரையைத் தின்கிறது.

நாங்கள் பாவிப்பது கசாண்ட்ரா. பேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மன், பிரசாந்த் மாலிக் என்ற இரண்டு எஞ்சினியர்கள் எழுதியது. 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வேகமாக எழுதும், பத்துச் சேர்வரிலும் நூறு சேர்வரிலும் ஓடும், ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும். அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. டிஸ்கில் ஒருமுறை எழுதிய ஃபைலை அது திருத்துவதே இல்லை. ஒரு வரியை அழி என்றால் அந்த வரியைத் தேடிப் போய் அழிக்காது. இந்த வரி அழிக்கப்பட்டது என்று புதிதாக இன்னொரு வரி எழுதும். ஆக, கோடி வரியை ஒவ்வொன்றாக அழி என்று நான் கட்டளை கொடுத்தால், பழைய கோடியும் அப்படியே கிடக்கும், அழித்ததற்கான அடையாளம் கோடியும் வந்து சேரும். டிஸ்க் கூடும்.

அந்த அடையாளத்தையும் உடனே வீச ஏலாது. வழமையான அமைப்பில் 8,64,000 செக்கன், அதாவது பத்து நாள், வைத்திருக்கும். காரணம் நியாயமானது. மூன்று பிரதியில் ஒன்றை வைத்திருக்கும் சேர்வர், அழிக்கிற நேரம் படுத்துக் கிடந்தால், அதற்கு அழித்த சங்கதி தெரியாது. அடையாளத்தை அவசரப்பட்டு வீசினால், அது பிறகு எழும்பி வந்து தன்னிடம் உள்ள பழைய வரியை மற்ற இரண்டுக்கும் பரப்பிவிடும். செத்தது எழும்பிவிடும். அதனால் பத்து நாளுக்குள் எல்லாச் சேர்வரையும் ஒன்றோடொன்று சரிபார்த்து முடிக்க வேண்டும். இதை நான் விளக்கி முடித்ததும் மனேஜர் கேட்பார்: “அப்ப இண்டைக்கு அழிச்சால் இண்டைக்குக் குறையாதோ?” குறையாது, சேர். “நாளைக்கு?” நாளைக்கும் குறையாது. “அப்ப என்னத்துக்கு அழிக்கிறீர்?” அழிக்கச் சொன்னதே அவர்தான்.

பத்து நாள் கழிந்ததும் தானாகக் குறையுமா என்றால் அதுவும் இல்லை. பழைய ஃபைல்களையும் அடையாளங்களையும் ஒன்றாகச் சேர்த்து, செத்ததைக் கழித்து, மிச்சத்தைப் புது ஃபைலாக எழுத வேண்டும். புதிது எழுதி முடியும் மட்டும் பழையதும் கிடக்கும். நாற்சார் வீட்டில் சாமான் அறையை ஒதுக்குகிறவர் முதலில் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி வைத்துத்தான் பிரிப்பார். முற்றமே சாமானால் நிறைந்து கிடந்தால் எங்கே இறக்குவது? கசாண்ட்ராவின் பழைய ஒதுக்கல் முறையில், மோசமான நேரத்தில், இருக்கிற தரவின் அளவுக்கே இன்னொரு மடங்கு வெற்றிடம் வேண்டிவரும். அதனால்தான் டிஸ்கில் பாதியை வெறுமையாக விடுங்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லி வந்தார்கள். பாதி வெறுமையாகக் கிடக்கும் டிஸ்கைக் கண்டால் கொம்பனிக்குக் கண் உறுத்தும். “அரைவாசி சும்மா கிடக்குதே, இன்னும் ரெண்டு கஸ்டமரை ஏத்துவம்” என்பார்கள். ஏற்றுவார்கள். பிறகு எனக்கு ஃபோன் வரும்.

சரி, இடம் எங்கேதான் போகிறது என்று தேடப் போனால் அது தனிக் கூத்து. அண்மையில் ஒரு சேர்வர் 93 வீதத்தில் நின்றது. மற்றவை 60ஐத் தாண்டவில்லை. டிஸ்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் டி.எஃப் கட்டளை 93 என்கிறது. ஃபைல் ஃபைலாகக் கூட்டிச் சொல்லும் டி.யூ கட்டளை 71 என்கிறது. ஒரே டிஸ்க், இரண்டு கணக்கு. இடையில் உள்ள 22ஐ யார் விழுங்கியது? இந்தத் தொழிலில் இது பழைய களவு. யாரோ ஒரு பெடியன், இடம் காணாது என்று கண்டு, பெருத்துக் கிடந்த லொக் ஃபைலை அழித்திருக்கிறான். லினக்ஸில் ஒரு ஃபைலை ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருக்கும் வரை, பெயரை அழித்தாலும் இடம் திரும்பாது. பட்டியலில் அந்த ஃபைல் இல்லை, டிஸ்கில் இருக்கிறது. புரோகிராம் இன்னும் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டும் இருக்கிறது. எல்.எஸ்.ஓ.எஃப் என்று அடித்துப் பார்த்தால், அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அது வந்து நிற்கும். புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். 71க்கு இறங்கியது.

மற்றவை 60க்குக் கீழே நிற்க இது மட்டும் ஏன் 71? உள்ளே போனால் ஒரு ஸ்னப்ஷொட். புதுப் பதிப்புக்கு மாறுவதற்கு முன், பாதுகாப்புக்கென்று, இந்தச் சேர்வரில் மட்டும் யாரோ எடுத்து வைத்திருக்கிறார். மாறியும் முடிந்து, எடுத்தவர் வேலையை விட்டும் போய்விட்டார். ஸ்னப்ஷொட் எடுத்த அன்று இடமே பிடிக்காது. அசல் ஃபைலுக்கே இரண்டாவதாக ஒரு பெயர் வைப்பதுதான் அது. நாட்போக்கில் அசல் ஃபைல்கள் ஒதுக்கலில் கழிந்து போகும்; இரண்டாவது பெயர் மட்டும் பழையதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவருக்கும் தெரியாமல் ஊதிக்கொண்டே போகும்.

மற்றச் சேர்வர்கள் மட்டும் சுத்தமோ? அங்கேயும் அதே பல்லவி. தேவையில்லை என்று ஓர் அட்டவணையை முழுதாகவே தூக்கியெறிந்திருக்கிறார்கள். எறிந்தபின் அழுது கொண்டு வருவார்கள் என்று தெரிந்தே கசாண்ட்ரா தானாக ஒரு பிரதியை எடுத்து ஒதுக்கி வைக்கும். வழமையான அமைப்பே அப்படித்தான். அதை இன்னொரு கட்டளையால் துடைக்காவிட்டால் ஒரு பைட்டும் திரும்பாது. பாரம் குறையும் என்று இரண்டு புதுச் சேர்வருக்குக் காசு கட்டினார்கள். ஒரு பங்குத் தரவு புதியவற்றுக்குப் போனது உண்மை. ஆனால் போன பங்கின் பழைய பிரதியைப் பழைய சேர்வர்கள் தாங்களாக வீசமாட்டா. கிளீனப் என்ற கட்டளையை ஒவ்வொன்றிலும் ஓட்ட வேண்டும். ஒருவரும் ஓட்டவில்லை. “புதுசு வாங்கியும் குறையேல்லையே” என்று என்னைத்தான் பார்த்தார்கள்.

போதாக்குறைக்கு, ஒரு டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் மெஷினில் 931 என்று காட்டும். விற்கிறவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், மெஷின் 1,024ஆல் வகுக்கிறது. அதிலும் 5 வீதத்தை லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பு நிர்வாகிக்கென்று பிடித்து வைக்கும்.

இதெல்லாம் மேசையில் இருந்து, நல்ல இணைப்போடு செய்கிற வேலை. தீவில் கலியாணம் காட்சி இல்லாமல் இருக்க முடியுமா? நெடுந்தீவில் பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கென்று குறிகட்டுவானில் படகு ஏறி அரைவழி போயிருக்கும், ஃபோன் கத்தியது. 91 வீதம். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். லப்டொப்பை மடியில் வைத்து ஒரு கட்டளையை அடித்துவிட்டு மறுமொழிக்குப் பார்த்திருந்தால், திரை அப்படியே உறைந்து நிற்கிறது. சீமெந்துப் பையில் ஒரு காலும் மரக்கறிக் கூடையில் ஒரு காலுமாக இருந்த ஐயா ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தம்பி, காசு அனுப்புறீரோ?”

“இல்லை ஐயா, இடம் காணாதாம். கொஞ்சத்தை அழிக்கச் சொல்லீனம்.”

“அழிக்கிறதெண்டால் நேற்றே அழிச்சுப்போட்டு வந்திருக்கலாமே?”

சரியான கேள்வி. நேற்றே அழித்திருக்கலாம், போன வருடமே அழித்திருக்கலாம். எதை அழிக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. விற்பனைப் பகுதியைக் கேட்டால் கணக்குப் பகுதியைக் கேள் என்பார்கள். கணக்குப் பகுதி சட்டத்தரணியைக் காட்டும். சட்டத்தரணி ஒரு கிழமை கழித்து எழுதுவார்: இப்போதைக்கு இருக்கட்டும். மாவிலித்துறையில் இறங்கி, தாலி கட்டுகிற நேரத்துக்கு நான் ஒரு மதிலோரம் சிக்னல் தேடி நின்றதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

சின்னக் கொம்பனி, வேலை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றன. பாகங்களுக்கு ஓடர் கொடுக்கும் சேர்வர்கள் வேலை செய்யவில்லை. சைபர் தாக்குதலோ என்று உலகம் பதறியது. டொயோட்டா பிறகு சொன்ன காரணம் இதுதான்: 27ஆம் திகதி பராமரிப்பு வேலையில், தரவுத்தளத்தில் சேர்ந்துபோன தரவை அழித்து ஒழுங்குபடுத்தப் போய், டிஸ்கில் இடம் போதாமல் பிழை வந்து, சேர்வர்கள் நின்றுவிட்டன. பேக்கப்பும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் அதே பிழையில் விழுந்தது. பெரிய டிஸ்க் உள்ள சேர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் வேலை தொடங்கியது. அழிக்கப் போன இடத்தில்தான் இடம் தீர்ந்தது. மனேஜருக்கு இந்தச் செய்தியை அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலிக்காரரும் கசாண்ட்ராவில்தான் இருந்தார்கள். ஒரு சனலின் பாவனையாளர்கள் மில்லியன் கணக்கான செய்திகளை அழித்து ஒன்றே ஒன்றை மிச்சம் விட்டிருந்தார்கள். யாரோ அந்தச் சனலைத் திறந்ததும், அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அழித்த அடையாளங்கள் அத்தனையையும் சேர்வர் வாசிக்க வேண்டி வந்து, செக்கன் கணக்கில் மூச்சடைத்து நின்றது. டிஸ்கோர்ட்காரர் அடையாளங்களின் ஆயுளைப் பத்து நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைத்தார்கள். இரவிரவாகச் சரிபார்ப்பு ஓட்டியதால் அவர்களுக்கு அது ஏலும். கடைசியில் 177 கசாண்ட்ராச் சேர்வர்களை விட்டு வேறு தரவுத்தளத்தில் 72 சேர்வர்களுக்கு மாறினார்கள்.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் மோசம். 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜோன் நகரில் அரசின் தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. அரச ஊழியர்களின் ஜி டிரைவ் சேமிப்பு, 858 டெராபைட், எரிந்தது. வெளியே ஒரு பிரதியும் இல்லை. அளவு பெரிது என்பதால் பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். எல்லாம் இருக்கட்டும் என்று சேர்த்துச் சேர்த்து, பிரதி எடுக்க ஏலாத அளவுக்கு வளர்த்து, கடைசியில் முக்கியமானதும் முக்கியமில்லாததும் ஒரே நெருப்பில் போயின. எங்கள் நாட்டு அரச கிளவுட்டில் 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின; அந்த மாதங்களுக்கு வலைக்கு வெளியே ஒரு பிரதி இருக்கவில்லை. வேண்டியதற்கு ஒரு பிரதி இல்லை. நிற்கிற லொறிக்கு மூன்று பிரதி.

எங்கள் சனத்துக்கு அழி என்று சொல்ல மனம் வராது, அது எனக்குத் தெரியாததல்ல. 1981 மே கடைசி, யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பலானதைப் பார்த்த ஊர் இது. இடம்பெயர்ந்த நேரம் உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு ஓடிய ஆட்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஒரு துண்டுத் தாளை வீசவும் கை கூசும். நியாயம்தான். ஆனால் அந்த நெருப்புக்குப் பிறகு வந்தவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத்தில் ஒரு பழைய கோயில் மலரை எடுத்தாலும் அதற்கு ஒரு நூலக எண் இருக்கும், வெளியீட்டாளர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். இது வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்து, ஸ்கான் செய்து, பெயர் எழுதி வைத்திருக்கிறார். என் சேர்வர்களில் கிடப்பதில் எதற்கு அப்படி ஒரு சொந்தக்காரர் உண்டு? தம்புள்ளையில் நின்ற லொறியை யார் ஓலைச்சுவடி ஆக்கியது?

அளவு பார்த்துத் திட்டம் போடத் தெரியாதவர்களும் இல்லை நாங்கள். காலங்காலமாக டீசல் எஞ்சினை நம்பி விளக்கெரித்த தீவுகள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. இந்த மூன்றுக்குமாக இந்தியாவின் ஒரு கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின் திட்டத்தில், காற்றாலைக்கு 530 கிலோவாட், சூரியத் தகட்டுக்கு 1,700 கிலோவாட், பற்றரிக்கு 2,400 கிலோவாட் மணி, காற்றும் வெயிலும் கைவிட்டால் கைகொடுக்க 2,500 கிலோவாட் டீசல் என்று தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு வரும், எவ்வளவு சேர்க்கலாம், தீர்ந்தால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் எண் இருக்கிறது. புதிதாக ஓர் அட்டவணை தொடங்கும் கூட்டத்தில் இந்த மூன்றில் ஒன்றையாவது யாரும் கேட்டு நான் கண்டதில்லை. திரையில் பொத்தான் என்ன நிறம் என்பதற்கு ஒரு மணித்தியாலம் போகும்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவை எந்தத் தேவைக்கு எடுத்தோமோ அந்தத் தேவை இருக்கும் வரைதான் வைத்திருக்கலாம் என்கிறது. ஒரு சாரதி மூன்று வருடத்துக்கு முன் எங்கே தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார் என்பதும் அவருடைய தரவுதான். அதை வைத்திருக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. “இருக்கட்டும்” என்று எழுதிய சட்டத்தரணி இதை ஒருக்கால் வாசித்தால் நல்லது.

மென்பொருள் எழுதுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். அட்டவணையை உருவாக்குகிற அன்றே அதில் விழும் வரியின் ஆயுளையும் எழுதிவிடுங்கோ. கசாண்ட்ராவில் அதற்கு டி.டி.எல் என்று ஓர் எண் போதும். நேர வரிசையில் வரும் தரவை நாள்வாரியாகக் கட்டி வைக்கிற முறையும் உண்டு. ஆயுள் முடிந்த கட்டு அப்படியே முழு ஃபைலாகப் போய்விடும், ஒதுக்குவதற்கென்று பெரிய வெற்றிடமும் வேண்டாம். லொறி நின்றால் ஐந்து செக்கனுக்குப் பதிலாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி போதாதா என்று வாகனத்துப் பெட்டிக்கே சொல்லிக் கொடுங்கோ. ஸ்னப்ஷொட் எடுக்கிறவர் அதைத் துடைக்கிற திகதியையும் தன் பெயரையும் எழுதி வைத்துவிட்டு எடுக்கட்டும்.

கொம்பனி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. புது டிஸ்க் வாங்கித் தராவிட்டாலும் பரவாயில்லை. எந்தத் தரவு எத்தனை மாதத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்து வைத்துத் தாருங்கோ. அந்த ஒரு தாள் இல்லாத மட்டும் எத்தனை டெராபைட் போட்டாலும் நிறையும்.